நாலு சில்லும் இழுக்கிற கார்

அந்த மூன்று கார்களின் பெயர்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. மூன்றும் ஜெர்மன் கார்கள், மூன்றும் நீளமானவை, மூன்றும் எங்கள் தகுதிக்குக் கொஞ்சம் அதிகமானவை. அவ்வளவு தெரிந்தால் போதும். பெயரைச் சொன்னால் இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னை விட்டுவிட்டு என் கணவரோடு சேர்ந்து எது திறம் என்று வாதாடத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பது மாதம் அந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது என்னுடையது.

என் கணவர் சந்திரகுமார் சுவிற்சர்லாந்தின் லாங்கன்தாலில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாப்ளர் வண்டி ஓட்டுகிறார். நான் கோசலா. ஹூட்வில்லுக்கு மேலே, மலையில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர். உதவியாளர் என்றால் குளிப்பாட்டலாம், உடுப்பு மாற்றலாம், சாப்பாடு தீத்தலாம். ஊசி போட முடியாது, மருந்து அலுமாரியைத் திறக்க முடியாது. என்னைவிட இருபது வயது குறைந்த பிள்ளைகள் வந்து ஊசி போடும்போது நான் பக்கத்தில் நின்று நோயாளியின் கையைப் பிடித்துக் கொடுப்பேன். நாற்பத்தாறாவது வயதில் இது போதும் என்று வெறுத்துப்போய், ஊசி போடத் தகுதி தருகிற டிப்ளோம் எடுக்கிறேன் என்று பதிந்தேன். இரண்டரை வருடம் வேலையும் பள்ளிக்கூடமுமாக ஓடினேன். கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு செயல்முறைப் பரீட்சை. ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து நான் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். பிந்தினால் அடுத்த வருடம்தான்.

இதை நான் வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருடம் கதைக்கப்பட்டது வேறு விஷயம்.

அது ஏப்ரலில் தொடங்கியது. பாடனில் இருக்கும் அவருடைய சிநேகிதர் தவராஜா அண்ணை நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கிற நீளக் கார் ஒன்று வாங்கினார். அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"கோசலா, உம்மட சின்னக் கார் மலைக்குச் சரிவராது. ஸ்னோ நேரம் பயம். நாலு சில்லும் இழுக்கிற கார்தான் உமக்கு வேணும்."

என்னுடைய சின்னச் சிவப்புக் கார் முன்சில்லு மட்டும் இழுக்கிற ஜப்பான் கார். ஒக்டோபர் பிறந்ததும் ஸ்னோவில் வழுக்காத விண்டர் ரயரை மாட்டிவிட்டால், பதினொரு வருடம் ஒரு நாள்கூட என்னை வழியில் விட்டதில்லை. அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அடுத்த நாளே தாள் கோர்க்கும் கோவை ஒன்று வாங்கிவந்து, கோடு போட்ட தாளில் அட்டவணை கீறத் தொடங்கிவிட்டார்.

முதலாவது கார் எந்த நேரமும் நாலு சில்லுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்குமாம். இரண்டாவதில் பின்சில்லுதான் எசமான், வழுக்கினால் மட்டும் முன்சில்லை உதவிக்குக் கூப்பிடும், வளைவில் ஓட்டச் சுகம். மூன்றாவதில் முன்சில்லு இழுக்கும், தேவையில்லாத நேரம் பின்சில்லு நித்திரை கொள்ளும், பெற்றோல் மிச்சம். முன்னுக்கு எத்தனை பங்கு, பின்னுக்கு எத்தனை பங்கு, வளைவில் மூக்கு வெளியே தள்ளுதா, வால் வெளியே போகுதா, எத்தனை நொடியில் சில்லு விழிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பின்லாந்தில் உறைந்த ஏரியில் யாரோ கார் சுற்றுகிற வீடியோக்களை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். எனக்குப் புரியாத பின்லாந்து மொழியை நான் புட்டோடு சேர்த்து விழுங்கினேன்.

ஒரு பிறந்தநாள் விழாவில் தவராஜா அண்ணையும் இவரும் மோதிக்கொண்டார்கள். கேக் வெட்டப் பிள்ளை காத்துக்கொண்டு நிற்கிறது.

"தேவைக்கு எழும்பினால் காணும்தானே. சும்மா எல்லாச் சில்லும் ஏன் இழுக்கோணும்?" என்றார் தவராஜா அண்ணை.

"அவசரத்துக்கு நித்திரையால எழும்புற சில்லு எனக்கு வேண்டாம்."

"நீ லாங்கன்தாலில இருக்கிறாய். எங்கயடா அங்க மலை?"

"மலை கோசலாவுக்கு!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. எங்கள் வீட்டிலும் எல்லாச் சில்லும் ஒரே அளவில் இழுப்பதில்லை. எது நித்திரை கொள்கிறது என்று நான் சபையில் சொல்லவில்லை.

செப்டம்பரில் மூன்று காரையும் ஓட்டிப் பார்த்தோம். பனி நிலத்துக்கான கார்களை இருபத்தாறு பாகை வெயிலில், தொழிற்சாலைப் பக்கத்து வட்டச் சந்தியில் ஓட்டிப் பார்த்த மனிதர் இவர் ஒருவர்தான் இருப்பார். ஒவ்வொரு காரிலும் ஒன்பது சுற்று. பின் ஆசனத்தில் நான், மடியில் சலரோகம் என்ற நீரிழிவு பற்றிய பாடக்குறிப்பு. "உணர்ந்தனீரோ? வால் அசையேல்ல, பாத்தனீரோ?" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பார். நான் உணர்ந்தது வயிற்றைப் பிரட்டியதை மட்டும்தான். பக்கத்தில் இருந்த விற்பனைக்காரப் பெடியன் ஆறாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டான்.

கடைசியில் முதலாவது கார் வென்றது. அதை எடுக்கிற அன்றே என் சிவப்புக் காரை அதன் விண்டர் ரயர்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அன்று எனக்கு வந்த அழுகையை அவர் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். நல்லகாலம், என்னோடு வேலை செய்யும் மேர்சிக்கு அப்போது ஒரு கார் தேவைப்பட்டது. மேர்சி பேர்னில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நேர்ஸ், வயது இருபத்தேழு. கார் எந்தக் கடையில் நிற்கிறது என்று சொன்னேன். அடுத்த கிழமையே அதில் வந்து இறங்கினாள். சொந்தக்காரர் வீட்டில் கலியாணம் செய்து கொடுத்த மாதிரி எனக்கு ஒரு ஆறுதல்.

புதுக்கார் வருவதற்கு முன்னர் நடந்த ஒரு சின்னச் சண்டையையும் சொல்லவேண்டும். கார்த்திகை விளக்கீட்டன்று நான் பல்கனியில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தீப்பெட்டி, மறுகையில் இன்சுலின் வகைகளின் பட்டியல். இவர் காரின் படப்புத்தகத்தோடு பின்னால் வந்து நின்றார்.

"சில்லு விளிம்பு கறுப்போ வெள்ளியோ? நீர் சொல்லும்."

எனக்கு எங்கேயிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "இஞ்சருங்கோ, மார்கழி பிறக்கப்போகுது. பீடை மாசம். எனக்குச் சோதினை முடியுமட்டும் புதுச்சாமான் எண்டு ஒரு ஆணிகூட நீங்கள் தொடக்கூடாது. சொல்லிப்போட்டன்!" என்று கத்தினேன். நாளும் நட்சத்திரமும் பார்க்கிற ஆள் இல்லை நான். அவர் வாயை அடைக்க அந்த நேரம் கைக்குக் கிடைத்தது மார்கழிதான்.

வாயை மூடினார். ஆனால் மார்கழி பிறக்க நாலு நாள் இருக்கும்போதே காரை எடுத்துவிட்டார். பார்த்தீர்களா தந்திரத்தை என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் பூசை. நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாலும் ஒரே நேரத்தில் நசிந்ததாக இவர் ஐயரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஐயருக்கு அடுத்த பூசை இருந்தது.

அதன் பிறகு புதுக்காரை என் கையில் தர அவருக்கு மனம் வரவில்லை. விடியக்காலை வேலை என்றால் தானே கொண்டுபோய் விட்டார். அவருக்கு வேலை மத்தியானம் தொடங்குவதால் வசதிதான். மலைக்கு முதல் பஸ் ஏழு இருபதுக்குத்தான் வரும் என்பதால் எனக்கும் வேறு வழியில்லை. டிசம்பர் முழுக்க ஒரு துளி ஸ்னோ இல்லை. வயல்கள் பச்சையாகவே கிடந்தன. வானத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய ஒரே தமிழர் இவர்தான்.

பரீட்சைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வானிலை அறிவிப்பில் மலைப் பகுதிக்கு இருபது சென்ரிமீற்றர் என்றார்கள். நான் உடுப்பை இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன்.

"விண்டர் ரயர் போட்டாச்சுதானே?" என்று கேட்டேன்.

"நாலு சில்லும் இழுக்கிற கார், கோசலா."

நான் கேட்டது அதுவல்ல. ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அட்டவணையில் அறுபது வரி எழுதிய மனிதர் ரயரை மறப்பார் என்று யார் நினைப்பார்கள்?

காலை ஐந்து ஐம்பதுக்குப் புறப்பட்டோம். லாங்கன்தாலில் ஈரம்தான். ஹூட்வில் வரும்போது வீதி வெள்ளை. சமதரையில் கார் நன்றாகத்தான் போனது, பொய் சொல்லக்கூடாது. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்தனீரோ? இப்ப கணினி ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக் கேக்குது," என்றார். நான் மனதுக்குள் கை கழுவும் ஒழுங்கைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

மலை ஏறத் தொடங்கி இரண்டாவது வளைவில் எதிரே ஸ்னோ தள்ளும் வண்டி வந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் திரும்பவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், ஒரு பெரிய மனிசி கதிரையில் இருப்பதுபோல, வலப்பக்கம் குவிந்திருந்த ஸ்னோவுக்குள் மூக்கைச் செருகி நின்றது. தள்ளும் வண்டிக்காரன் ஜன்னலைத் திறந்து ஆருக்கும் ஏதும் காயமோ என்று கேட்டான். இல்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

பின்னால் எடுக்கப் பார்த்தார். நாலு சில்லும் சுழன்றன. மற்றக் கார்களில் இரண்டு சில்லுத்தான் வழுக்கும். எங்களுடையதில் நாலும் ஒற்றுமையாக வழுக்கின. காலுக்குப் போடும் புது விரிப்புகளை எடுத்துச் சில்லுக்குக் கீழே வைத்தார். இரண்டு விரிப்பும் பறந்துபோய் வேலிக்கு அப்பால் விழுந்தன. நேரம் ஆறு முப்பத்தொன்று. நான் இறங்கினேன். கணுக்காலுக்கு மேலே சப்பாத்துக்குள் ஸ்னோ போனது. கைப்பேசி வெளிச்சத்தை ரயரில் பிடித்துப் பார்த்தேன். பதினொரு வருடம் விண்டர் ரயர் மாட்டியவள் நான், எனக்கு அந்தப் பல் தெரியும். இதில் அது இல்லை.

"இது சமர் ரயர்."

அவர் வேலிக்கு அப்பால் கிடந்த விரிப்பைப் பார்த்தார்.

"ஒன்பது மாசம்! பின்லாந்து, வட்டச் சந்தி, அட்டவணை! என்ர காரையும் வித்து, அதின்ர ரயரையும் வித்து, என்னைச் சமர் ரயரிலயோ சோதினைக்குக் கொண்டுபோறியள்? நான் உங்களிட்ட என்ன கேட்டனான்? என்னை ஏழு மணிக்கு அங்க விடுங்கோ எண்டு மட்டும்தானே கேட்டனான்! நீங்களும் உங்கட நாலு சில்லும்!"

மலையில் எதிரொலி கேட்டது. இன்னும் நிறையச் சொன்னேன். அதில் அவருடைய தாய் தகப்பனும் வந்தார்கள், எழுதினால் வெட்கம். அவர் தலையில் ஸ்னோ விழ விழ நின்றார். ஒரு தடவை வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த மௌனம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. குற்றமுள்ள மனிதரின் மௌனம் என்று நினைத்தேன்.

அப்போது கீழேயிருந்து இரண்டு சின்ன வெளிச்சங்கள் ஏறி வந்தன. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். இரண்டாம் கியரில் கொஞ்சம் முனகும். என் சிவப்புக் கார், என் பழைய விண்டர் ரயர்களில், எந்த அலட்டலும் இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. மேர்சி கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா! இண்டைக்கெல்லோ உங்கட எக்ஸாம்? ஏறுங்கோ கெதியா." பிறகு இவரை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, சமர் ரயரோ?"

அவர் தலையாட்டினார்.

"இவர் இதில நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நான் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு ஐம்பத்தாறுக்கு உள்ளே போனோம். என் சப்பாத்து நனைந்து ஊறிவிட்டதால் மேர்சியின் மேலதிக வேலைச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். ஒரு அளவு பெரிசு. பரீட்சகர் நரைத்த தலைமயிருள்ள ஒரு பெண், கையில் பலகை, பேனை. திருமதி கெர்பருக்கு இரத்தத்தில் சீனி பார்த்தேன், இன்சுலின் அளவு எடுத்தேன், ஊசி போட்டேன். என் கையால். பக்கத்தில் நின்று கை பிடித்துக் கொடுக்க அன்று ஒருவரும் தேவைப்படவில்லை. பிறகு காயத்துக்குக் கட்டு, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றல், எழுத்துப் பதிவு, கேள்விகள். பதினொரு மணிக்கு முடிந்தது. முடிவு கடிதத்தில்தான் வரும் என்றார். ஆனால் கைகொடுக்கும்போது, "நீங்கள் மிகவும் அமைதியான ஆள், அது இந்த வேலைக்கு முக்கியம்," என்று ஜெர்மனில் சொன்னார். காலையில் மலை அதிரக் கத்தியவளைப் பார்த்துத்தான் சொன்னார். மேர்சி மூலையில் நின்று சிரிப்பை அடக்க முடியாமல், கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்றரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் அந்த நீளக் கார் நின்றது. பக்கத்தில் இவர். நான் நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சொற்களோடு இறங்கிப் போனேன். சில்லைப் பார்த்ததும் நின்றேன். கறுப்பு விளிம்பு, ஆழமான பல், புது விண்டர் ரயர்.

"சோதினை எப்பிடி?" என்று கேட்டார்.

"செய்தனான்."

ஏறினேன். மூக்கைத் துடைக்கக் கடதாசி தேடி முன் தட்டுப் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கோவை இருந்தது, என் எதிரி. எரிச்சலோடு இழுத்தபோது கடைசித் தாள் விரிந்தது. அறுபத்தோராவது வரி, அவருடைய குண்டுக் கையெழுத்தில் இருந்தது. "விண்டர் ரயர், கறுப்பு விளிம்பு. கடைக்கு வந்தது மார்கழி 4. புதுச்சாமான். தை பிறந்த பிறகு போடவும். கோசலா சொன்னவ. சோதினை."

இரண்டு தரம் வாசித்தேன். பல்கனியும் தீப்பெட்டியும் என் குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"நான் சொன்னதாலையோ போடேல்ல?"

"ஓம். விளக்கீட்டண்டு சொன்னனீர். ஒரு ஆணிகூடத் தொடக்கூடாது எண்டு." அவர் வீதியைப் பார்த்தபடி சொன்னார். "ரயர் பிந்தித்தான் வந்தது. மார்கழியாப் போச்சு. உமக்குச் சோதினையில ஏதும் பிழைச்சால் நான்தானே காரணம் எண்டு பயந்துபோனன்."

"காலமை அவ்வளவு கத்தினன். ஏன் சொல்லேல்ல?"

"சோதினைக்குப் போற ஆளிட்ட, உம்மாலதான் எண்டு சொல்லுறதோ?"

இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? நான் கோபத்தில் எறிந்த ஒரு சொல்லைக் கட்டளையாக எடுத்து, எழுதி வைத்து, அதற்காக ஸ்னோவில் நின்று என் வாயால் வாங்கிக் கட்டியிருக்கிறார். கொஞ்சம் யோசித்து நடந்திருக்கலாம் என்ற எரிச்சலும் போகவில்லை. அந்த எரிச்சலுக்குள்ளேயே வெட்கமும் இருந்தது.

"இன்னும் மார்கழி முடியேல்லையே. இண்டைக்கு எப்பிடிப் போட்டனீங்கள்?"

"இழுக்கிற வண்டி வந்து எட்டு மணிக்கே கராஜில விட்டிட்டுது. நான் பொறு எண்டனான். மூண்டு மணித்தியாலம் அங்க வாங்கில குந்திக்கொண்டு இருந்தன். கராஜ்காரன் எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பான். பதினொரு மணிக்கு மேர்சி மெசேஜ் போட்டா, அக்காவுக்கு முடிஞ்சுது எண்டு. அதுக்குப் பிறகுதான் ரயரைத் தொட விட்டனான். இண்டைக்கு வேலைக்கும் லீவு சொல்லிப்போட்டன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையில் மாட்டிய அதே வளைவு வந்தது. வேலிக்கு அப்பால் எங்கள் விரிப்பு ஒன்று இன்னும் கிடந்தது. அவர் பிரேக்கைத் தொட்டார். கார் சொன்னபடி கேட்டது. அவர் பார்த்தனீரோ என்றுகூடக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இப்ப முன்னுக்கு எத்தனை பங்கு போகுது, பின்னுக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டேன்.

ஒன்பது மாதத்தில் அந்தக் கார் இழுக்கிற விதத்தைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு தொடங்கினார். லாங்கன்தால் வந்து, கார் நிறுத்தி, மேலே வந்து சப்பாத்துக் கழற்றும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.